நாற்பது வார்த்தையும் ஒரு கிள்ளுப் பஞ்சும்

மாகறல்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அம்முலுவுக்கு மாகறல் ஆயா செங்கேணி எழுதுவது.

உனக்குச் சளி விட்டதா? பெங்களூர்க் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு கம்பெனி பஸ்ஸில் ஏறாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு முட்டி வலி இருந்தபடியே இருக்கிறது, மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. செய்யாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. உன் மாமன் டிராக்டர் ஓட்ட விடியற்காலையிலேயே போய்விடுகிறான்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் உன் மாமி கையில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். நான் சொல்லப்போவது அவள் காதில் விழுந்தால் எனக்கு முந்தி அது மானாம்பதியில் உன் அப்பன் வீட்டுக்குப் போய்ச் சேரும். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து இது. கோணலாக இருந்தாலும் என்னுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மானாம்பதி வீராசாமி என்னைப் பார்த்து, "இன்னா செங்கேணியக்கா, உன் பேத்தி செஞ்ச பேசற பெட்டி வந்து கீதாமே. ஊரே போய்ப் பாத்துட்டு வருது, நீ பாத்துட்டியா?" என்றான். "எனக்குக் காட்டாத இருப்பாளா? மொதல்ல என் கையிலதான் குடுத்தா" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். நாலு பேர் நடுவில் வேறு என்ன சொல்லட்டும்?

நேற்றே முருங்கைக்கீரையைச் சாக்காக வைத்துக்கொண்டு மானாம்பதிக்குப் போனேன். உன் அம்மாவும் அப்பனும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். உன் அப்பனைப் பெற்ற மார்த்தாள்தான் மாதா கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் சரிகைத் துணி விரித்து அதன்மேல் உன் பெட்டி. சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கண் மங்கினவர்கள் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கருவி அது என்றும், அதற்குள்ளே சத்தம் வருகிற கூடு மட்டும் நீ செய்தது என்றும், சின்ன இடத்தில் காற்றை வைத்துப் பெரிய சத்தம் வரவழைப்பதுதான் உன் வேலை என்றும் உன் அப்பன் தானியேல் சொல்லித் தெரியும். நிறையச் செய்வதற்கு முன்னால் மூன்று பேருக்குக் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறாயாம். அந்த மூன்றில் மார்த்தாள் ஒருத்தி.

அவள் பொத்தானை அமுக்கினாள். உள்ளே நீ பேசினாய்.

பருப்பு. நெருப்பு. செருப்பு. குடம். படம். இப்படி நாற்பது வார்த்தை. நீ ஒவ்வொன்றாகச் சொல்ல, காதில் விழுந்ததை அவள் திருப்பிச் சொல்லவேண்டுமாம். சனிக்கிழமை தவறாமல் நீ போன் பண்ணி அவள் சொல்வதைக் குறித்துக்கொள்வாயாம். அரை மணி நேரமாம். என்னோடு நீ கடைசியாக அரை மணி பேசியது போகியன்று. அதிலும் பாதி கட் ஆகிவிட்டது.

அவள் நெருப்பைச் செருப்பு என்றாள், குடத்தைப் படம் என்றாள். சத்தம் தும் தும் என்று பெரிதாகத்தான் வந்தது. வார்த்தைதான் வெறும் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. அவளுக்கு அது பொருட்டில்லை. "எப்பிடிக் கீது சம்பந்தி எங்க வூட்டுப் பொண்ணு கொரலு? தெனம் இத்தக் கேட்டுட்டுத்தான் எனக்கு நாஷ்டாவே" என்றாள்.

எங்க வூட்டுப் பொண்ணாம். உன் அப்பனும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போன ஏழு வருஷம் நீ எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாய்? உன்னைப் பார்த்துக்கொள்ளத் தன் முட்டி ஒத்துழைக்காது என்றாள் மார்த்தாள். அதே முட்டியோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போனாள். உனக்கு அம்மை வார்த்தபோது, பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, ஊதாப் புடவை கட்டிக்கொண்டு வந்து தெருவிலேயே நின்று இரண்டு வாழைப்பழத்தை நீட்டிவிட்டுப் போனாள். அதில் ஒன்று அழுகல். நான் அம்முலு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏஞ்சல் என்று பெயர் வைத்தாள். நீ பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்த அன்றுதான் தனக்கொரு பேத்தி இருப்பது அவளுக்கு நினைவு வந்தது.

உன் மாமனுடைய போனில் பாட்டுப் போட்டு அதை என் பித்தளைச் சொம்புக்குள் இறக்கி, ஆயா சத்தம் பெரிசாயிடுச்சு பார் என்று குதித்தாயே, அது என் வீடு, என் சொம்பு. அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன்.

போகட்டும். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் கொடுத்தாய். எனக்குக் கண் தெரிவது என் தப்பு.

அவள் எனக்குக் குடிக்கக் கலர் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போன நேரம் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உன் பெட்டியை நான் தொடவில்லை. அதற்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

செங்கேணி ஆயா

*

மாகறல்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அம்முலு,

போன கடிதம் போட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதைத் தனியாக உட்கார்ந்து படி. தபாலில் போட்டால் புதன்கிழமைக்குள் வருமோ வராதோ. உத்திரமேரூர் அஹமது பாட்சா கடைப் பிள்ளை சிராஜ் ஞாயிற்றுக்கிழமை சரக்கெடுக்கப் பெங்களூர் வருகிறான். உன் ரூமுக்கே வந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல பிள்ளை, ஒரு டீயாவது வாங்கிக் கொடு.

நேற்று உன் அம்மா வந்தாள். வந்ததும், "எம்மா, கொயந்த அங்க அயுதுக்கினு கீதும்மா" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மற்ற இரண்டு பேருக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லையாம். மார்த்தாள் மட்டும் மூன்று சனிக்கிழமையாக நாற்பதுக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று சரியாகச் சொல்கிறாளாம். பாட்டி மனப்பாடம் பண்ணிவிட்டார், இதைக் கணக்கில் சேர்க்காதே என்று உங்கள் பெரிய சார் சிரித்தாராம். வருகிற புதன்கிழமை உன் கூட்டைத் தள்ளிவிட்டு வேறொருவர் செய்த கூட்டையே நிறையச் செய்ய அச்சு வெட்டச் சொல்லப்போகிறார்களாம். நீயும் மார்த்தாளிடம், மனப்பாடம் பண்ணிட்டியா ஆயா என்று போனில் கேட்டாயாம். அவள் அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். "பேத்தியே என்னப் பொய்க்காரின்ட்டா" என்று கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரை நாள் இருந்தது.

அம்முலு, அவள் பொய் சொல்லவில்லை. இதை எழுத விரல் வரமாட்டேன் என்கிறது. எழுதிவிட்டேன்.

பெட்டியைத் தொடவில்லை என்று உனக்கு எழுதினேன். தொட்டேன். பின்பக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று வைத்திருக்கிறாயே, நீ பேசும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். புஸ் புஸ் என்று காற்று வந்தது. இது மூச்சு விடுகிற வழி, இதை அடைத்தால் ஊமையாகிவிடும் என்று நினைத்தேன். மார்த்தாளுடைய தலையணை ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அதிலிருந்து இலவம் பஞ்சை உருவி, துடைப்பக் குச்சியால் உள்ளே குத்தி இறுக்கினேன். பெட்டி கெட்டுப்போச்சு என்று அவள் திருப்பி அனுப்பட்டும், வைத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் கொடுத்தோமே என்று நீ நினைக்கட்டும், அதுதான் என் எண்ணம். உன் வேலைக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். அதுவும் சரியில்லை. அந்த நேரத்தில் உன் வேலையை நான் நினைக்கவேயில்லை. அவள் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அது ஊமையாகவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை மார்த்தாளே போன் பண்ணினாள். "சம்பந்தி, சேதி கேட்டியா? பெங்களூர்ல குந்திக்கினே எம் பேத்தி பெட்டியச் சரி பண்ணிட்டா. தும்முனு அதிர்றதே இல்ல, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா வந்து வுயுது" என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை ஆயா என்று நீ சொன்னதைக்கூட உன் அடக்கம் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். பஞ்சு வைத்தவள் நான். பெருமை அவளுக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தப் பஞ்சைப் பிடுங்கிவிட வேண்டும் என்றே போனேன். அவள் குளிக்கப் போனதும் கொண்டை ஊசியால் இழுத்து எடுத்தேன். முழுசாக வந்ததா என்று பார்க்கப் பொத்தானை அமுக்கினேன். பழையபடி தும் தும் என்று அதிர்ந்தது. உன் குரல் யாரோ தடித்த பொம்பளையின் குரல் மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சை விரலால் உதிர்த்து, இந்தத் தடவை இறுக்காமல் லேசாக வைத்தேன். நீ பேசினாய். பால்வாடியிலிருந்து ஓடி வந்து, பசிக்குது என்று ஒரு குரல் கொடுப்பாயே, அந்தக் குரல். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் வந்ததும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்காக விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்காதே. உன் குரலை மறுபடி கெடுக்க எனக்குக் கை வரவில்லை.

இதெல்லாம் நேற்றுவரைக்கும் என் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. இன்று காலை முதல் பஸ்ஸில் மானாம்பதிக்குப் போனேன். மார்த்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாளிடம் போனேன். எனக்கு அந்த நாற்பதும் முதல் நாளே வரிசையாக ஏறிவிட்டது, அதனால் என் காது செல்லாது. ஆண்டாளம்மாள் அதுவரை கேட்காதவள். காலையில் தின்றது அவளுக்கு மதியம் நினைவிருக்காது. "இன்னா செங்கேணி, இந்த வயசுல என்ன ஸ்கூல்ல சேக்கறியா? பாஸ் பண்ணா சைக்கிள் குடுப்பாங்களா?" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு கேள், கேட்டதை மட்டும் சொல் என்றேன்.

நீ குறித்துக்கொள். பஞ்சு இல்லாமல் பதினாறு தப்பு. நெருப்பு, குடம், மரம், வரம் எல்லாம் அதில் போயிற்று. இறுக்கி அடைத்தபோது ஐந்து தப்பு, ஆனால் குரல் மெலிந்து தொண்டை கட்டினது போல ஆகிவிட்டது. உதிர்த்து லேசாக வைத்தபோது மூன்றே தப்பு, குரலுக்குக் கனமும் இருந்தது. புளியங்கொட்டை அளவு பஞ்சு போதும். அதைப் பிய்த்துப் பிய்த்துப் பூ மாதிரி ஆக்கி, காற்று கொஞ்சம் போய் வருகிற மாதிரி வைக்கவேண்டும். எவ்வளவு என்று உனக்குத் தெரியவேண்டும் என்று ஒரு கிள்ளு இந்தக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பறந்துவிடப்போகிறது, மின்விசிறியை நிறுத்திக்கொள்.

அந்த ஓட்டையை ஏன் வைத்தாய், அதற்கு எவ்வளவு கணக்குப் போட்டாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு பேருடைய பெட்டியிலும் இப்படி வைத்துக் கேட்டுப்பார். பெரிய சார் நம்பவில்லையென்றால் வேறு நாற்பது வார்த்தையைப் புதிதாகப் பேசி மார்த்தாளுக்கு அனுப்பு. அவள் சரியாகச் சொல்வாள். அவள் கண்தான் மங்கல், காது நல்ல காது. அதை நானே சொல்லவேண்டியிருக்கிறது.

கம்பெனியில் என்ன சொல்வது என்று யோசிப்பாய். ஆயா பஞ்சு வைத்துப் பார்த்தாள், ஆயா சொன்னாள் என்று சொல். எந்த ஆயா என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. அது உனக்குத் தெரிந்தால் எனக்குப் போதும்.

மார்த்தாளுக்கு நீயே போன் பண்ணி, உன்மேல் தப்பில்லை ஆயா என்று சொல். எனக்குப் பண்ணுவதற்கு முன்னால் அவளுக்குப் பண்ணு. இதை நான் என் கையால் எழுதுகிறேன், பார்த்துக்கொள். பஞ்சு விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லாதே. சொன்னால் சாகும்வரை அந்தத் தலையணையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதையும் மறக்கத் தெரியாது.

புதன்கிழமை உனக்கு நல்லபடியாக முடிய அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். மார்த்தாளும் ஜெபம் பண்ணுவாள். அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. உன் குரலிலேயே என்னைத் திட்டிப் பதிந்து அனுப்பு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். அதை எதில் போட்டு இந்தக் கிழவி கேட்பாள் என்பதை மட்டும் நீ யோசித்துக்கொள்.

நன்றாயிரு என் கண்ணு.

செங்கேணி ஆயா