எந்த 'வாரேன்'?

ஏலே மக்கா,

காலையில் ஆபீஸ் ஷட்டரைத் திறக்கச் சாவியை எடுத்தபோது உன்னுடையதுதான் கையில் வந்தது. ஷட்டருக்குப் போட்ட கிரீஸ் வாடை இன்னும் அதில் அடித்தது.

சங்கரன்கோவிலில் இந்த மாடியறையில்தானே அந்த ஆஸ்பத்திரி புரோகிராமை எழுதினோம்? நோயாளியின் நாடித்துடிப்பு மெமரியில் ஓரிடத்தில் வந்து விழும். புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு திரெட்டுகளில் ஒன்று அதைத் திரையில் காட்டும், இன்னொன்று ஆபத்தென்றால் மணி அடிக்கும். அந்த இடத்தை இவர்களில் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை ஓடும். கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அழிக்க வேண்டும். ஆனால் சோதனையில் எப்போதாவது மணி ஊமையாகிவிடும். காரணம் பிடிபடவில்லை.

ஒரு சாயங்காலம் கீழே நின்று, "ஏலே, கிளம்புதேன்" என்று கத்தினேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, எங்கிருந்து என்று தெரியாமல், உன் "வாரேன்" கேட்டது. நம்மூரில் எவன் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறான்? நீ பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாய் என்று நினைத்து ஷட்டரைப் பூட்டினேன். நீயோ மாடியில், 'இரு, இந்தா வாரேன்' என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறாய்.

போனில் திட்டினாய்: "சவத்துமூதி, உள்ள ஆள் இருக்கும்போதே பூட்டிட்டியேலே!"

திறந்ததும் சிரித்தபடி இறங்கி வந்தவன், பாதிப் படியிலேயே நின்றுவிட்டாய். 

"மணிக்கும் இதாம்லே நடக்கு. ரெண்டு திரெட்டும் ஒரே நேரத்துல எண்ணிக்கையை மாத்துது, ஒருத்தன் கணக்கு விட்டுப்போகுது. உள்ள ஆள் இருக்கும்போதே இடத்தை அழிச்சிருது. ஒருத்தன் மாத்தி முடிக்குத வரைக்கும் அடுத்தவன் அதைத் தொடக் கூடாது."

அப்படியே மாற்றினோம். அதன்பிறகு மணி ஊமையானதேயில்லை.

இன்று நம் புரோகிராமை வாங்கிய சென்னைக் கம்பெனியின் மானேஜர் கூப்பிட்டார். "அந்தப் பாதுகாப்பால ஸ்பீடு குறையுது, எடுத்துடுங்க. மணிதான் ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்லையே?" என்றார். எங்கோ ஒரு கட்டிலில் ஒருவர் மூச்சுத் திணற, மணி பேசாமல் இருப்பது கண்ணுக்குள் வந்தது. எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளை வைத்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள நீயும் இல்லை.

காய்ச்சலோடு ராயகிரி வீட்டுக்குப் போனவன், கடைசியாகப் போனில் "வாரேன்" என்று சொல்லி வைத்தாய். எந்த வாரேன் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் உன் தம்பி அழுதுகொண்டே கூப்பிட்டான்.

இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன் மாடியேறிப் பாத்ரூம் வரை பார்க்கிறேன். "ஏலே, இருக்கியா?" என்று குரலும் கொடுக்கிறேன். பதில் வராது என்று தெரியும். கேட்காமல் பூட்டத்தான் பயமாக இருக்கிறது.