வெள்ளிமலை பஸ்ஸில் போன கடிதம்

ஜூலை 1, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். ஆடி இன்னும் பிறக்கவில்லை, காற்று மட்டும் முந்திக்கொண்டு கடைவாசலில் மண்ணை வாரிக் கொட்டுகிறது. மண்வெட்டிக் காம்பு வந்து சேரவில்லை. லாரி ஆபீசில் போனை எடுக்க ஒரு நாதி இல்லை.

ஷமீமா காலையில் இன்னொரு டம்ளரைப் போட்டு உடைத்தாள். வாரத்துக்கு வாரம் இதே வேலை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஒரு டம்ளரைப் பிடிக்கத் தெரியாதா? கண்ணாடி டம்ளரை எல்லாம் மேலே தூக்கி வை, எவர்சில்வரில் குடிக்கட்டும் என்று அவள் அம்மா ரஹ்மத்திடம் கத்தினேன்.

"அதையும்தான் போடுவா. சத்தம்தான் ஜாஸ்தியா வரும்" என்றாள்.

கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தக்கூட இல்லை, ரஹ்மத்திடமிருந்து போன். "வந்துட்சிங்க." ஒரு வார்த்தைதான். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் வலிப்பு முடிந்து ஷமீமா தூங்கிவிட்டாள். வாயோரம் துடைத்திருந்தது. வலது கையில் சாவி. ரஹ்மத் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் எப்போதோ ஒரு தடவை வரும். டவுன் டாக்டர் மாத்திரையை மாற்றியபிறகு கம்மியாக வேண்டியது ஜாஸ்தியாகிறது. என்ன நியாயம் இது? கேட்டால் கொஞ்சநாள் பொறுங்க பாய் என்கிறார். அவரும் நல்ல மனிதர்தான். யாரைத் திட்டுவது?

திருக்கோவிலூர் காலேஜில் சீட் கிடைத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் சேர வேண்டும். ரஹ்மத் ஒரே பிடி: "நடுரோட்ல வுழுந்தா யாரு தூக்கறது? நின்னாப் போகட்டும், நிக்காட்டி வூட்லயே இருக்கட்டும்." ஷமீ எழுந்ததும் அது காதில் விழுந்தது. சோறு தின்னவில்லை.

ஜூலை 3, வியாழன்

பீ.வி.சி. பைப் எல்போ தீர்ந்தது. சொல்ல வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வந்தது.

ஏழுமலை தாழ்ப்பாள் வாங்க வந்தான். வெள்ளிமலை பஸ் கண்டக்டர். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு "இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா?" என்றான். யாரிடமும் சொல்வதில்லை, அவனிடம் கொட்டிவிட்டேன்.

"அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? வெள்ளிமலைல ஒரு டாக்டரம்மா இருக்காங்க பாய். நரம்பு டாக்டரு. பெரிய ஆஸ்பத்திரில இருந்து ரிட்டயர்டாயி வந்தவங்க. இப்ப இடுப்பு ஒடஞ்சி வூட்டோட. போன் போட்டா சிக்னலு இருக்காது. நீங்க லெட்டர் எழுதிக் குடுங்க. காலைல ஏத்திக்கினு போயி, சாயங்காலம் பதில எறக்கிடறேன்."

அவன் பஸ்ஸில் போகாத சாமான் இல்லை. மேலே மாத்திரை, மோட்டார் பெல்ட், கல்யாணப் பத்திரிகை. கீழே தேன், புளி, பலாப்பழம். இப்போது என் பெண்ணின் வியாதி.

நேரில் கூட்டிப்போகலாமே என்றால் முடியாது. போன வருஷம் கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றத்தில் இரண்டாவது வளைவிலேயே பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. அத்தனை பேர் பார்த்தார்கள். மலை திசைக்கே இனி அனுப்பமாட்டேன் என்று ரஹ்மத் சொல்லிவிட்டாள். வரும்போது போனில் படம் பிடித்துக் கொடுத்தனுப்பலாம் என்றேன்.

"புள்ளைய அந்தக் கோலத்துல படம் புடிக்கறதா? எவன் கையிலயாவது மாட்னா?"

அதுவும் சரிதான். ஆகவே கடிதம்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்தேன். பைப் கம்பெனிக்கு எத்தனையோ புகார் எழுதியிருக்கிறேன், மை காய்வதற்குள் முடித்துவிடுவேன். இது நகரமாட்டேன் என்கிறது. நாலு தாள் கிழித்தேன். எழுதியவை:

வயது, எடை. எட்டாவது படிக்கும்போது முதல் தடவை.
பெரும்பாலும் காலையில்.
கண் மேலே செருகும். பல் கிட்டும். நுரை.
வலது கை இறுக மூடிக்கொள்ளும். விரிக்கவே முடியாது.
முடிந்ததும் தூக்கம். தலைவலி. எதுவும் ஞாபகம் இல்லை.
பழைய மாத்திரை, புது மாத்திரை. சீட்டு இணைப்பு.

ஷமீ பின்னால் வந்து நின்றது தெரியாது. எடுத்துப் படித்தாள். தடுக்க மனம் வரவில்லை.

"நான் இப்டித்தான் இருப்பனா அத்தா?"

"ம்."

"இத்தினி வருசத்துல யாருமே எனக்குச் சொன்னதில்ல."

அப்புறம் பேனாவைப் பிடுங்கி ஒரு வரியை அடித்தாள். ஆட்டுக்குட்டியை அறுத்த மாதிரி துடிப்பாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு அடியில் தன் கையால் எழுதினாள்: 'நான் காலேஜுக்குப் போகவேண்டும்.' கடையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்துவந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை 5, சனி

முதல் பஸ்ஸுக்கே கொடுத்தாயிற்று. ஏழுமலை டிக்கெட் பைக்குள் வைக்கப்போனான், சட்டைப்பையில் வை என்றேன். "இன்னா பாய், ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரமா?" என்று சிரிக்கிறான்.

பகல் முழுக்க நிலைகொள்ளவில்லை. அரை இஞ்ச் ஆணி கேட்டவனுக்கு ஒரு இஞ்ச் கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்து அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மலை இருட்டிக்கொண்டு நின்றது, மழை இங்கே இறங்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்கு முன்பே ஸ்டாண்டில் போய் நின்றேன். வியாபாரியைப் பார்த்தால் நாலு பேர் எங்கே பயணம் என்று கேட்கிறார்கள். எங்கேயும் இல்லை என்றால் நம்புவதில்லை.

பதில் வந்தது. பச்சை மை. கறாரான கையெழுத்து. சாரம்:

'உங்கள் கடிதத்தில் நடுவும் முடிவும் இருக்கிறது. ஆரம்பம் இல்லை. எந்தப் பக்கம் முதலில் தொடங்குகிறது? வலது கை இறுகுவது முதலிலா, பிறகா? காலையில் எழுந்ததும் கை திடீரென்று வெட்டி இழுத்து, பிடித்த பொருள் விழுவதுண்டா? தூக்கம் கெட்ட மறுநாள் வருகிறதா? அடுத்த முறை யாரும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். கையிலும் வாயிலும் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடிபடும் பொருளை நகர்த்துங்கள். பிறகு பாருங்கள். பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.'

மூன்றாவது கேள்வியை ரஹ்மத்துக்கு வாசித்துக் காட்டும்போதே ஷமீ சமையல்கட்டிலிருந்து வந்துவிட்டாள்.

"அது கூடவா நோயி? கை தானா ஒதறும்த்தா. வெடுக்குனு. பல்லு வெளக்கறப்ப கூட. புது மாத்திரை வந்தப்புறம் ரொம்ப."

"ஏம்மா சொல்லல?"

"நீங்கதான் கவனம் எங்க கீதுன்னு திட்டுவீங்களே."

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். நான் ரஹ்மத்தைப் பார்த்தேன். டம்ளர், டம்ளராய் உடைத்தாளே.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் சண்டை. கையில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா எழுதியிருக்கிறார், அப்படியானால் சாவியும் கூடாது என்றேன். பழைய கிடங்குப் பூட்டின் சாவி அது. பூட்டு தொலைந்து எவ்வளவோ காலம். பிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் இதற்கென்றே தொங்குகிறது. கையில் வைத்தால் வலிப்பு நிற்கும்.

"சாவி வெக்காட்டி எப்டி நிக்கும்?"

"டாக்டரு சொல்றாங்க."

"அவங்க வந்து பாத்தாங்களா? மலைமேல குந்திக்கினு எழுதறவங்களுக்கு இன்னா? பெத்தவ நான் கையக் கட்டிக்கினு வேடிக்க பாக்கணுமா?"

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தொழப் போனபோது அவிழ்த்து வைத்தாள். எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு வேலைதான். வேறு வழி?

ஜூலை 8, செவ்வாய்

கடை திறப்பது தாமதம். காலையில் வீட்டிலேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். அவள் வாசல் பக்கம் போனால் நானும். துணி உலர்த்தப் போனால் நானும். "அத்தா, கக்கூசுக்கும் வருவீங்களா?" என்கிறாள்.

வரக்கூடாது என்று துஆ கேட்கிறேன். வந்தால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கிறேன். இரண்டும் ஒரே வாயில். என்ன தகப்பன் நான்?

காம்பு வந்தது. பாதி வளைசல். திருப்பி அனுப்பவேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் போனில்: "நீ சாப்ட்டியா? நான் சாப்ட்டேன்னு வெச்சுக்கோ." அதையே நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

வந்தது.

இப்போதே எழுதிவிட வேண்டும். நேற்று ஷமீ சரியாகத் தூங்கவில்லை, காலேஜ் பேச்சு. காலையில் தொட்டியருகே பல் துலக்கினாள். பிரஷ் பிடித்த கை வெடுக்கென்று உதறியது. பிரஷ் பறந்தது. இடது கையும் அதேநேரம். இன்னொரு தடவை, இரண்டும் சேர்ந்து. என்னைப் பார்த்து "அத்தா" என்றாள். அவ்வளவுதான். தாங்கிப் பிடித்துத் தரையில் ஒருக்களித்துவிட்டேன். வாளியை உதைத்துத் தள்ளினேன். அப்புறம் எழுந்து நின்றேன்.

ரஹ்மத் ஓடிவந்தாள். "சாவி! சாவியக் குடுங்க! எங்க வெச்சீங்க சாவிய?" என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். குடுக்கமாட்டேன் என்றேன். அடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அடி என்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யா அல்லாஹ், பார்ப்பது இவ்வளவு பெரிய வேலையா? பிடிப்பது எவ்வளவோ சுலபம்.

பார்த்தது: இரண்டு கையும், இரண்டு காலும், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. தலை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. வலது கைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. இடது எப்படியோ வலதும் அப்படித்தான்.

மெதுவாக இடைவெளி விட்டு, விட்டு, நின்றது. பெருமூச்சு ஒன்று. குறட்டை.

ரஹ்மத் என் சட்டையை விட்டாள். "தானா நின்னுட்சே" என்றாள். தரையில் உட்கார்ந்து பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

துண்டு எடுக்கலாம் என்று கையை நீட்டினேன், விரல் பிரியவில்லை. எப்போது பையிலிருந்து எடுத்தேனோ, சாவி என் வலது கைக்குள் இருந்தது. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்து கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் இடது கையில் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டோம். சோறு, காசு, தண்ணீர், மருந்து, எல்லாம் வலது. சாவியும் வலது கையில்தான் திணிப்போம். திணித்து, மேலே எங்கள் கையை வைத்து அழுத்துவோம். இறுக மூடாமல் என்ன செய்யும்?

டவுன் டாக்டர் மாத்திரையை மாற்றிய அன்றைக்குக் கேட்டார்: "ஒரு பக்கமா வருதா பாய்?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "ஆமா சார், வலப்பக்கம். கைய விரிக்கவே முடியாது." அவர் என் வார்த்தையை நம்பி எழுதிய மாத்திரை.

கடை திறக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதி, சாவியையும் எழுதி, முதல் பஸ்ஸில் அனுப்பினேன். ஏழுமலை இந்தத் தடவை கேலி பண்ணவில்லை, தானாகவே சட்டைப்பையில் வைத்தான்.

சாயங்காலம் பதில். இரண்டு தாள். ஒன்று டவுன் டாக்டருக்கு, ஒட்டியிருக்கிறது. இன்னொன்று எனக்கு:

'இப்போது ஆரம்பம் இருக்கிறது. இது ஒரு பக்கத்து வலிப்பாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்க வலிப்புக்கான அந்த மாத்திரையே இவளுக்குக் கை உதறலைக் கூட்டியிருக்கலாம். உங்கள் டாக்டருக்கு எழுதியிருக்கிறேன், நாளைக்கே பாருங்கள். படிப்படியாக மாற்றவேண்டும், ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. இந்த வகை பெரும்பாலும் அடங்கும். நேரத்துக்குத் தூங்க வையுங்கள். மகள் எழுதிய வரியைப் படித்தேன். போகட்டும்.'

ரஹ்மத் கடைசி வார்த்தையை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "இன்னொருவாட்டி" என்றாள்.

ஜூலை 12, சனி

தூறல். டவுன் டாக்டர் கடிதத்தைப் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாவியா பாய்?" என்றார். ஆமாம் சார் என்றேன். அவரும் தலையில் கை வைத்துக்கொண்டார். புதுச்சீட்டு. பழையதை எப்படிக் குறைப்பது என்றும் எழுதித் தந்தார். ரத்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை.

ஷமீ சாவியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "இது எந்தப் பூட்டுக்குத்தா?" பூட்டு இல்லை என்றேன். சிரித்தாள். பழைய இரும்புக் கூடையில் போட்டேன். ரஹ்மத் எடுத்து மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்கே மனசு மாறிவிடுமா?

ஜூலை 14, திங்கள்

எல்போ வந்தது. வளைந்த காம்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம், அயோக்கியன்.

காலையில் டம்ளர் விழுந்தது. எவர்சில்வர், தெருவே கேட்கிற சத்தம். டீ பூராவும் தரையில். ரஹ்மத் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஷமீ அப்படியே நின்றாள், திட்டு வரும் என்று. நான் டம்ளரைக் கழுவி, மறுபடி ஊற்றி, நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.