கிணற்றுக்குள் புதுக் கெளுத்தி

14-3-1976, ஞாயிறு, சிங்கப்பூர்

இன்று எங்கள் கம்பத்துக் கிணற்றைத் தூர் வாரினோம். இந்தச் சிறு கிராமத்தின் ஐந்து வீட்டுக்கும் அது ஒன்றுதான். பாக்கியம் வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

தண்ணீரை இறைத்து முடித்தால் அடியில் ஒரு கெளுத்தி துள்ளுகிறது! கொசுப்புழுவைத் தின்ன நாங்கள் விட்டிருந்த மீன் போன மாதமே செத்துவிட்டது. பாக்கியம் கிணற்றோரம் சவுக்காரத் தண்ணீர் ஊற்றியதால்தான் என்று எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் ரோட்டுக் குழாய்க்கு நடக்கிறாள்.

இதை யார் விட்டது? கேட்டால் எல்லாரும் கையை விரித்தார்கள். மருமகள் மட்டும் என் காதில், "அத்தை, பாக்கியம் அக்கா போன வாரம் தேக்கா மார்க்கெட்டுல உயிர்மீன் வாங்குனாங்க லா. கொழம்பு வாசனையே வரலை," என்றாள்.

"அவ அடுப்பை நீ எதுக்குடி மோந்து பாக்குறே?" என்று அவளை அடக்கிவிட்டேன். மனசு அடங்கவில்லை. தான் குடிக்காத கிணற்றுக்கு ஒருத்தி எதற்கு மீன் விடுவாள்? பழைய மீன் சவுக்காரத்தால்தான் செத்ததா, வயதாகிச் செத்ததா?

எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன வாளிக் கயிற்றை அவள் இன்னும் தரவில்லை. அதை மறக்க மாட்டேன். ஆனாலும் காலையில் குழாயடிக்குப் போய் அவளைக் கூட்டிவரப் போகிறேன். மன்னிப்பெல்லாம் கிடையாது. இந்த மீனுக்கு வேறென்ன போட வேண்டும் என்று கேட்பேன்.