பாலத்துச் சண்டையின் மறுபாதி

நவம்பர் 4
கியோத்தோவில் நாள் முழுக்க மழை. நூடுல்ஸைத் தின்றுவிட்டு மறுபடியும் அந்தப் படச்சுருளை ஓட்டினேன். வீட்டில் போட்டுப் பார்க்க அந்தக் காலத்தில் விற்ற சின்னச் சுருள், மௌனப் படம். வாள்வீரன் தனியாகப் பாலத்தில் நிற்கிறான். இருபுறமும் எதிரிகள். கை வாளைத் தொடுகிறது. அத்தோடு முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி ஒசாகாவில், என்னைப் போலவே பழைய சுருள் சேர்க்கும் கிழவர் இவாகுச்சியிடம் இருக்கிறது. அவர் காட்டமாட்டார். நானும் காட்டியதில்லை.

அப்போதெல்லாம் நிஜமாகவே கூரையிலிருந்து குதித்தார்கள். என் பாதியில் ஒருவன் விழுந்து எழும்போது நொண்டுகிறான். அந்த நொண்டலை இன்று உலகத்தில் நான் ஒருவன்தான் பார்க்கிறேன். இதில் என்ன பெருமை?

நவம்பர் 9
பழம்பொருள் சந்தையில் ஒருவன் சொன்னான்: “இவாகுச்சி எல்லாத்தையும் விக்கறாராம். உனக்கு மட்டும் குடுக்கமாட்டார்.” எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 10
இவாகுச்சியின் மகள் சிகாகே தொலைபேசியில் கூப்பிட்டாள். “அப்பா உங்களை வரச் சொல்றார். உங்க சுருளையும் எடுத்துட்டு வரணுமாம்.”
பிடுங்கப் பார்க்கிறாரா கிழவர்? போகமாட்டேன்.

நவம்பர் 15
போனேன்.

என் குரல் கேட்டு இவாகுச்சி முகத்தைத் திருப்பினார். கண் மட்டும் வேறெங்கோ இருந்தது.

“என்ன சுகிமோரி, முடியெல்லாம் நரைச்சுப் போச்சா? தெரியலப்பா, அதான் கேக்கறேன்.”

வசந்தத்திலேயே பார்வை போய்விட்டதாம்.

“உன் பாதியை இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சியே.”

“நீங்க மட்டும் என்ன?”

“நானும்தான். ஓட்டு. ஓட்டிக்கிட்டே சொல்லு.”

திக்கித் திக்கிச் சொன்னேன். “பாலத்துல நிக்கறான்...” அவர் குறுக்கிட்டார்: “மொதல்ல வானம் எப்படி இருக்கு, அதைச் சொல்லுய்யா.” சொன்னேன். நொண்டுகிறவனையும் சொன்னேன். சிரித்தார்.

அப்புறம் அவர் சுருளை மாட்டினேன். வாள் உருவப்பட்டதும் சொல்வதை விட்டுவிட்டுப் பார்த்தேன். இருட்டில் அவர் குரல், படத்துக்கு ஒரு கணம் முந்தி: “இப்ப விளக்கை வெட்டுவான். அந்தக் கடைசி ஆளை விட்டுடுவான், பாரு. இப்ப குதிப்பான்.”

குதித்தான். ஏன் இவ்வளவு காலம் —

நவம்பர் 16
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 22
காலையில் சிகாகே தொலைபேசியில் பேசினாள். “உங்க சுருளை இங்கயே மறந்துட்டுப் போயிட்டீங்களே, அனுப்பட்டுமா?”

மறக்கவில்லை. அவர் சுருளோடு சேர்த்து அவர் பெட்டியில் நான்தான் வைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பின்னாலிருந்து இவாகுச்சியின் குரல்: “அனுப்பாதே. மறந்தவனை நேர்ல வரச் சொல்லு.”

அவருக்கு ஆரஞ்சு வாங்கியாயிற்று. ரயிலுக்கு நேரமாகிறது.