வடக்கே இருக்கார்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே காத்து. வல்லம் ரோடு முழுக்கப் புழுதி. கம்பெனி பஸ் வர்றது ஹெட்லைட்டை வெச்சுத்தான் தெரிஞ்சுது. முதல் ஷிப்ட். முட்டி வலி பரவாயில்லை.

செய்ய வேண்டியது: நிலாவுக்கு ஸ்கூல் ஷூ. கேஸ் புக் பண்ணணும். ஹவுஸ் ஓனர் அக்கா டப்பாவைத் திருப்பிக் குடுக்கணும் (காலியாக் குடுக்கக் கூடாது, ரெண்டு முறுக்காவது போட்டு).

டீ பிரேக்கில் தாமோதரன் சார் தனியாக் கூப்பிட்டார். எங்க லைன் சூப்பர்வைசர்.

"கோமதி, புதுப் பொண்ணுங்களுக்கு டிரெய்னிங் குடுக்க ஒரு ஆள பெர்மனன்ட் பண்றாங்கோ. உன் பேரத்தான் சொல்லிக்கீறேன். அடுத்த வெள்ளிக்கெயம இன்டர்வியூ. எச்.ஆர் மேடம் இன்னா கேட்டாலும் தெளிவா சொல்லு."

பெர்மனன்ட். ஒயர் ஹார்னஸை, அதாவது காருக்குள்ள ஓடுற ஒயர்க் கட்டை, எப்படிச் சோதிக்கணும்னு சொல்லிக் குடுக்கிற வேலை. கழுத்தில் கம்பெனி கார்டு தொங்குற பச்சைக் கயிறுக்குப் பதில் நீலக் கயிறு. கான்ட்ராக்ட்டுக்குப் பச்சை. நீலக் கயிறுக்காரங்க கேன்டீனில் நடக்கிற நடையே வேற.

எனக்கு இது வேணும். எழுதி வெச்சுக்கிறேன், அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

ஷிப்ட் முடிஞ்சு லாக்கரில் போனை எடுத்தா இவர்கிட்டேர்ந்து நாலு மிஸ்டு கால். பயந்துட்டேன். பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிக்கு மிஸ்டு கால் ஆகாது.

நல்ல சேதிதான். போஸ்டிங் வந்துடுச்சாம். இந்தத் தடவை குடும்பத்தோட இருக்கலாம், குவார்ட்டர்ஸ் உண்டு. எந்த ஊர்னு போனில் சொல்ல மாட்டார், நானும் கேக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை லீவில் வர்றார்.

"சந்தோசம்தானே?"ன்னு கேட்டார்.

"சந்தோசம்தாங்க"ன்னேன். பொய் இல்லை. அதான் கஷ்டமே.

கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்த வேலை:
- ராணுவப் பள்ளியில் டெம்பரரி டீச்சர். பிள்ளைங்க பேர் மனப்பாடம் ஆனப்ப போஸ்டிங்.
- டேட்டா என்ட்ரி. கம்ப்யூட்டரில் என் பேர் போட்ட பின்னாடி போஸ்டிங்.
- வீட்டில் டியூஷன், மூணு பிள்ளைங்க. அவங்க அப்பாவுக்கே போஸ்டிங்.
- நிலா பிறந்தது. இதை யாரும் வேலைன்னு எழுத விடறதில்லை.
- இவர் ஃபீல்டுக்குப் போனார், குடும்பத்துக்கு இடமில்லை. நானும் நிலாவும் இங்கே வந்தோம்.

படிச்சது டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ். போற எடத்திலெல்லாம் கேக்கிறது: "நடுவுல ஏன் இவ்ளோ கேப்?"

ஜூலை 10, வியாழன்

பஸ்ஸில் பேச்சி பக்கத்தில் உக்காந்தா. பேச்சியம்மாள், தென்காசிப் பக்கம், ஹாஸ்டலில் இருக்கா. லைனில் என் எதிர் டேபிள்.

"யக்கா, வேலை ஒங்களுக்குத்தான். மத்தவளுவ எல்லாம் கல்யாணம் காச்சின்னு போயிருவாளுவ. ஒங்களுக்கு எங்க போக இருக்கு?"

சிரிச்சு வெச்சேன். இந்தக் கதையை இங்கேயாவது எழுதறேன், வேற யார்கிட்டச் சொல்ல.

இங்கே வந்த புதுசில் ரெண்டு கம்பெனியில் வீட்டுக்காரர் ஆர்மின்னு சொன்னேன். ரெண்டு இடத்திலும் எழுந்து நிக்காத குறையா மரியாதை குடுத்தாங்க. "தேசத்துக்கு உழைக்கிற குடும்பம்." அப்புறம், "நீங்க எப்படியும் போயிடுவீங்களேம்மா." வேலை இல்லை. மூணாவது இந்தக் கம்பெனி. அந்த வாரம்தான் இவர் யூனிட் இடம் மாறிக்கிட்டிருந்துது. கான்ட்ராக்டர் ஆஃபீசில் ஒரு பெரியவர் கேட்டார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வடக்கே இருக்கார்."

"வடக்கேன்னா?"

"தெரியாது சார்."

"எப்ப வருவாரு?"

"தெரியாது சார்."

நாங்க அப்படித்தான் பழகியிருக்கோம். யூனிட் நகரும்போது யார் கேட்டாலும் ஊர் சொல்லக் கூடாது, தேதி சொல்லக் கூடாது. வாய் தானா மூடிக்கும். அந்தப் பெரியவர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். குரலே மாறிப்போச்சு. "பரவால்லம்மா. நாளைக்கே வந்துடு."

நல்ல மனுஷன்னு நினைச்சேன். ரொம்ப நாள் கழிச்சு பேச்சி என் தாலியைப் பார்த்துட்டு, "இன்னும் எதுக்குக்கா இதைச் சொமந்துக்கிட்டு?"ன்னு கேட்டப்பதான் விளங்குச்சு. லைன் முழுக்க நான் புருஷன் விட்டுட்டுப் போனவ. அதுக்குள்ள எனக்கு மூணு மாசம் வேலை உறுதியா ஓடியிருந்துது. திருத்தலை. போன லீவுக்கு இவர் வந்தப்ப போளூரில் மாமியார் வீட்டோட சரி, இங்கே யாரும் பார்க்கலை.

தாமோதரன் சார் யார்கிட்டயோ போனில் பேசினது இன்னைக்குக் காதில் விழுந்துது. "அந்தப் பொண்ணு எங்கியும் போவாது சார். போறதுக்கு எடம் கெடையாது."

பாராட்டுத்தான். ஆனா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வந்துட்டார். இளைச்சிருக்கார், மூஞ்சி கருத்திருக்கு. நிலா முதல் அஞ்சு நிமிஷம் கதவுக்குப் பின்னாடி. அப்புறம் தோளை விட்டு இறங்கவே இல்லை.

இவர் இழுத்து விரிச்ச பெட்ஷீட்டில் காசைச் சுண்டிப் போட்டா எகிறும். கிச்சன் டப்பாவெல்லாம் உயரவாரியா நிக்குது. உப்பு எங்கேன்னு தேடினேன்.

சாப்பிட்டப்புறம் சொன்னார். ரெண்டு ரூம், பின்னாடி கொஞ்சம் மண்ணு, செடி வைக்கலாம். கேட்டுக்கு உள்ளேயே ஸ்கூல். "இந்தத் தடவை மூணு பேரும் ஒண்ணா." நிலா குதிக்கிறா.

பெர்மனன்ட் விஷயத்தைச் சொன்னேன். கவனமாத்தான் கேட்டார். அப்புறம், "அங்கயும் ஏதாவது வேலை கெடைக்கும்ல"ன்னார்.

ஏதாவது. ஒவ்வொரு ஊருக்குப் போறப்பவும் இந்த வார்த்தை முதல் பெட்டியிலேயே ஏறிடும்.

ஜூலை 15, செவ்வாய்

இன்னைக்கு நடந்ததை நினைச்சா சிரிப்பும் வருது, வேற என்னமோவும் வருது.

மத்தியானம் தூறல். பஸ் ஒரகடம் முக்கில் இறக்கிவிட்டுது. பார்த்தா இவர் குடையோட நிக்கிறார். சொல்லாமக் கொள்ளாம. நேரா வந்து என் தோளில் இருந்த பையை வாங்கினார். பின்னாடியே இறங்கின பேச்சி பையோட வாரைப் பிடிச்சு இழுத்தா. "யாருவே நீரு?"

"பேச்சி, விடு. என் வீட்டுக்காரர்."

நான் சொல்லியிருக்கக் கூடாது. அவ எங்க ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்னா.

"ஓஹோ, இவுகதானா? இத்தன வருசம் எங்க போயிருந்தீய? பொண்டாட்டி பெர்மனன்ட் ஆவப் போறான்னதும் வாசம் பிடிச்சு வந்துட்டீயளோ?"

இவர் விறைப்பா நின்னுட்டார், பெரிய ஆபீசர் முன்னாடி நிக்கிற மாதிரி. "மேடம், நான் லீவுல வந்திருக்கேன்."

"லீவா? பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுனதுக்கு லீவு வேற குடுக்காவளா?"

தாமோதரன் சார் அதே பஸ். அவரும் வந்துட்டார். ஷேர் ஆட்டோக்காரங்க இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு வேடிக்கை. நான் நடு ரோட்டில் நின்னு, இவர் ஆர்மி, ஹவில்தார், ஓடிப்போகலை, ஃபீல்டில் இருந்தார்னு எல்லாத்தையும் கொட்டினேன். பேச்சி கை வாரை விட்டுது. தாமோதரன் சார் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு பைக் ஸ்டாண்டுப் பக்கம் போயிட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "நான் ஓடிப்போயிட்டனா?" கான்ட்ராக்டர் ஆஃபீஸ் கதை முழுக்கச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு குறைஞ்சுது.

"அப்ப நான் ஓடிப்போனாத்தான் உனக்கு வேலை குடுப்பாங்களா?"

டீ போடப் போயிட்டேன்.

ஜூலை 16, புதன்

சண்டை. நிலா ஸ்கூலுக்குப் போனதால பரவாயில்லை. நான் லீவு போட்டிருந்தேன்.

"குடும்பத்தோட இருக்கணும்னு நான் மட்டும்தான் ஆசைப்படறனா? அங்க தனியா கெடந்தவன் நான்."

"நான் மட்டும் இங்க கச்சேரி வெச்சுக்கிட்டா இருந்தேன்?"

அவர் டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்துத் துடைச்சார். ரெண்டு கறுப்புப் பெட்டி, ரெண்டிலும் வெள்ளைப் பெயின்டில் அவர் நம்பர், ரேங்க், பேர், யூனிட். ஒவ்வொரு ஊருக்கும் பழைய எழுத்து மேலே கறுப்பு அடிச்சுப் புதுசா எழுதுவார். ஒரு பெட்டி முழுக்க என் சாமான்தான். அதிலும் அவர் பேர்தான்.

இதை நான் முன்னாடி யோசிச்சதே இல்லை. கோபத்தில் யோசிக்கிறேனா, நிஜமாவே யோசிக்கிறேனா, தெரியலை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. லைனில் யாரும் என்கிட்டப் பழைய மாதிரி பேசலை. நான் ஏமாத்திட்டேனாம். புருஷன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சதுக்கு இவ்ளோ வருத்தமா.

பேச்சி மட்டும் ஒரு கடலை மிட்டாயை டேபிளில் வெச்சா. "அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்கக்கா. நான் வாயத் தொறந்தா மூடத் தெரியாதவ."

தாமோதரன் சார்: "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்மா. எங்கியும் போவாதுன்னு நான் வாக்கு குடுத்துட்டேன். இப்ப மேடம்கிட்ட இன்னா சொல்றது?"

"நாளைக்கு நானே சொல்றேன் சார்."

"இன்னான்னு?"

அது எனக்கே தெரியாது.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. மணிமங்கலம் பக்கம் எங்கேயோ ஸ்பீக்கர், பஸ் உள்ளே வரைக்கும் அம்மன் பாட்டு. நல்ல புடவை கட்டிக்கிட்டேன், மேலே கம்பெனி கோட்.

எச்.ஆர் மேடம் என்னைவிடச் சின்னவங்க. ஹார்னஸ் பத்தி எல்லாம் கேட்டாங்க, அதில் எனக்குப் பயம் இல்லை. கனெக்டர் சரியா உக்காந்துச்சான்னு விரலுக்கே தெரியும், அதை எப்படிப் புதுசா வர்றவளுக்குச் சொல்லிக் குடுப்பேன்னு சொன்னேன். அப்புறம் அது வந்துது.

"ஹஸ்பண்ட் ஆர்மின்னு கேள்விப்பட்டேன். டிரான்ஸ்ஃபர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்துடுச்சு மேடம்."

நிமிர்ந்து பார்த்தாங்க.

"அவருக்கு வந்திருக்கு. எனக்கு வரலை."

என் வாய்தான் சொல்லுச்சு. வீட்டில் முடிவு பண்ணலை, இவர்கிட்டக் கேக்கலை, நிலாகிட்டக் கேக்கலை. மேடம் எழுதிக்கிட்டாங்க. "சொல்லி அனுப்பறோம்."

வெளியே வந்தா இவர் கேட்டில் நிக்கிறார். உள்ளே விடலை. செக்யூரிட்டி அண்ணன்கூடப் பேச்சு. அவரும் பழைய ஹவில்தார்தானாம், எனக்கு இத்தனை நாள் தெரியாது. தினமும் என் பையைச் சோதிக்கிறவர்.

நடந்தே போனோம். உள்ளே என்ன சொன்னேன்னு சொன்னேன். லாரி சத்தத்தில் ரெண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்துது. அவர் ஒரு தடவை கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அண்ணன் பென்ஷன் வாங்கிட்டு வந்தப்ப எந்த ஊர்னே தெரியலையாம். எங்கயும் யாரையும் தெரியல. கடைசில இந்த கேட்டுதான். நானும் இன்னும் கொஞ்ச வருஷத்துல வெளிய வந்துடுவேன் கோமதி. அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ஒரு ஊர் இருக்கட்டும்."

"கோபம் இல்லையா?"

"இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஜூலை 20, ஞாயிறு

நேத்து தாமோதரன் சார் போன். "பேர் வந்துகீது." அவ்ளோதான் சொன்னார், வெச்சுட்டார். ஒரு நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டார். "வூட்டுக்காரர் இருந்தா குடு." என்ன பேசினாங்களோ, இவர் ரெண்டு தடவை "சார்"னார்.

நாம போகலைன்னு நிலாகிட்டச் சொல்லியாச்சு. அழுதா. என்னைப் பார்த்து அழலை, திரும்பி உக்காந்து அழுதா. அது போதும் எனக்கு வாங்கிக் கட்டிக்க.

குவார்ட்டர்ஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவார். மத்த சிப்பாய்ங்ககூட பேரக்கில் தங்கிக்குவார். செடி வைக்கிற மண்ணு யாருக்கோ.

சாயந்தரம் பெட்டிக்குப் பெயின்ட். ஒண்ணில் புது யூனிட் எழுதினார். ரெண்டாவதில் கறுப்பு அடிச்சுட்டு அப்படியே விட்டுட்டார். "காயட்டும்"னார். காஞ்சப்புறமும் எழுதலை. நானும் கேக்கலை. அதை ஜன்னல் ஓரம் தள்ளி டிவியை மேலே வெச்சாச்சு.

ஜூலை 28, திங்கள்

மழை இல்லை, மோடம். இவர் போய் மூணு நாள். சேர்ந்துட்டேன்னு போன் வந்துடுச்சு. உப்பு டப்பா இன்னும் அவர் வெச்ச இடத்திலேயே.

இன்னைக்கு நீலக் கயிறு. பேச்சி தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

புது கார்டுக்கு டைம் ஆஃபீசில் விவரம் கேட்டாங்க. அங்கே புதுசா வந்த தம்பி, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டுக்கிட்டுப் போனார். பேர், ரத்த வகை, விலாசம்.

"எமர்ஜென்சின்னா யார கூப்பிடணும் மேடம்?"

பட்டாளத்தில் அவர் பேப்பர் எல்லாத்திலும் இந்த இடத்தில் என் பேர்தான். அவருக்கு ஒண்ணுன்னா முதல் சேதி எனக்கு. எனக்கு ஒண்ணுன்னா யாருக்குன்னு இதுவரைக்கும் எந்தக் கம்பெனியிலும் கேட்டதில்லை. கான்ட்ராக்ட்டுக்கு அது தேவைப்படலை போல.

"என் வீட்டுக்காரர். சேகர்."

"எங்க கீறாரு?"

தெரியும். இந்தத் தடவை ஊர் தெரியும், பேரக் எதுன்னு தெரியும், கட்டில் எந்த ஜன்னல் பக்கம்னுகூடத் தெரியும்.

"வடக்கே இருக்கார்."

"எப்ப வருவாரு?"

"தெரியாது."

தம்பி கையை கீபோர்டிலிருந்து எடுத்துட்டு என்னைப் பார்த்தார். குரல் இறங்கிப்போச்சு. "பக்கத்துல கீறவங்க யார்னா சொல்லுங்க மேடம். பரவால்ல. யாருமே இல்லியா?"

"அவரையே போடுங்க"ன்னேன்.