பின் சீட்டுக்கு வயர் இல்லை

நவம்பர் 4

எங்கள் வீட்டு மகாராஜாவுக்குப் புது உடுப்பு வந்துவிட்டது. கரண்டு கோட்டு. உள்ளே மெல்லிய கம்பி ஓடுகிறது. பைக் பேட்டரியிலிருந்து வரும் வயரைச் சொருகினால் நெஞ்சும் முதுகும் சூடாகுமாம். கூடவே ஒரு ஜோடி கையுறை, அதுவும் சூடாகும். மார்பில் சூட்டுக்கு ஒரு பட்டன்: பச்சை, மஞ்சள், சிவப்பு; சிவப்புதான் உச்சம். இதற்கு மேலே வழக்கமான தோல் கோட்டு. கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"பேட்டரி ஒண்ணுக்குத்தான் தாங்கும். ஓட்டறவனுக்கு விரல் விறைச்சாத்தான் ஆபத்து. நீ பின்னாடி சும்மா உக்காந்திருக்கறதுதானே?"

சும்மா. வீட்டிலும் சும்மாதான் இருக்கிறேன் என்பது இவர் எண்ணம்.

நவம்பர் 6

சிவப்பு. அவருக்கு. பாலத்தின் மேல் ஏறியதும் எனக்குக் காற்று முழங்கால் வழியாக எலும்புக்குள் போனது. "முதுகுல சாஞ்சுக்கோ, சூடு வரும்" என்றார் பெருந்தன்மையாக. சாய்ந்தேன். தோல் கோட்டு ஐஸ்கட்டி. உள்ளே இருக்கிற சூட்டில் ஒரு துளி வெளியே வராது. ஆளுக்கேற்ற கோட்டு.

நவம்பர் 14

நான் வேலை பார்க்கிற பல் செட் லேப்பில் இன்று ஒரு முன்பல்லைக் கெடுத்தேன். மெழுகில் பல்லின் ஓரத்தை இழைக்கும்போது விரல் சொன்னபடி கேட்கவில்லை, கத்தி வழுக்கிவிட்டது. தினமும் வந்ததும் மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கில் விரலைக் காட்டிச் சூடேற்றுகிறேன். இன்று அதுவும் போதவில்லை.

சீனியர் அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"கை நடுங்குதே. உடம்புக்கு என்ன?"

"குளிர்க்கா. பைக்ல வரேன்."

"நடுங்கற கையில முன்பல் கொடுக்க முடியாதும்மா. இப்படியே போனா உன்னை மாவு கலக்கற பக்கம் மாத்தணும்."

மாவு கலப்பது என்றால் அச்சு எடுக்கிற வெள்ளை மாவைக் கிண்ணத்தில் போட்டுக் கிண்டுவது. புதிதாகச் சேருகிறவர்கள் செய்வது. ஊரில் எத்தனை பேர் என் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள்! நான் போய்க் கிண்டுவதா?

நவம்பர் 15

சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ரெண்டு கையுறை போட்டுக்கோயேன்" என்றார். ஏற்கெனவே இரண்டு போடுகிறேன். அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பஸ்ஸில் போகலாம் என்றால், முதல் பஸ் வருவதற்குள் லேப்பில் பாதி வேலை முடிந்திருக்கும். நானே ஓட்டுகிறேன் என்றேன். லைசென்ஸ் இருக்கிறது, அப்பா வண்டியில் பழகியது.

"இந்த வண்டி வெயிட்டு. உன்னால தாங்க முடியாது."

பேட்டரியாலும் தாங்க முடியாது, என்னாலும் தாங்க முடியாது. இவரை எல்லாரும் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 23

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணனுக்குக் குளிர் ஆகாது அண்ணி, பாத்துக்கோங்க." பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேர்க்கிறது அவருக்கு.

டிசம்பர் 3

கோட்டு வயரின் பிளக் வழியில் ஒருமுறை கழன்றுவிட்டதாம். ஐந்து நிமிஷம் குளிர்ந்ததாம்! வீட்டுக்கு வந்ததும் கறுப்பு டேப்பை எடுத்துப் பிளக்கைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். இறங்கும்போது அவராகப் பிரித்தால் ஒழிய இனிமேல் கழலவே கழலாதாம். இவ்வளவு அக்கறையாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் 9

பெட்ரோல் பங்க். நான் இறங்கி ஓரமாக நின்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, கம்பீரமாகக் காலைத் தூக்கி இறங்கி, காசு கொடுக்க நடந்தார். வயரைக் கழற்ற மறந்துவிட்டார். டேப் நன்றாகவே ஒட்டியிருந்தது. முளையில் கட்டின மாடு மாதிரி ஒரு இழுப்பு, பின்னால் சரிந்து கையை ஊன்றி விழுந்தார். வண்டியும் சாய்ந்தது.

சிரித்துவிட்டேன். மணிக்கட்டு உடைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரிப்பு நிற்கவில்லை.

"சிரிக்கிறியா? நீ மனுஷியா?" என்றார் ஆஸ்பத்திரியில். கட்டுப் போடும் நர்ஸுக்கும் உதடு துடித்தது.

டிசம்பர் 13

வயர் அறுந்துவிட்டதென்று வண்டியை மெக்கானிக்கிடம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். தாங்க முடிந்தது.

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், இது இரண்டு கோட்டுக்குத் தாங்காதா என்று.

"ஏன் தாங்காது? தாராளமாத் தாங்கும். லைன் போடும்போதே கேட்டேன்மா, பின்னாடிக்கும் ஒண்ணு இழுத்துடட்டுமான்னு. சார்தான் வேண்டாம்னுட்டாரு. அவளுக்குக் குளிரே தெரியாதுன்னாரு."

அதே நாள், மறுபடியும்

குளிரே தெரியாது.

எனக்கா? பாலத்து மேல பல்லு கிட்டிப் போனப்ப முன்னாடி உக்காந்திருந்தது யாரு? ராத்திரி வெந்நீர்ல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப — பக்கத்துல இருந்து டிவி பாத்துக்கிட்டிருந்தது யாரு? கஞ்சத்தனம்னா மன்னிச்சிடலாம். மறந்துட்டேன்னா கூட மன்னிச்சிடலாம். கேக்கக்கூட இல்ல. கேக்காமலே எனக்கும் சேத்து பதில் சொல்லியிருக்காரு.

அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் விளக்கம் வரும். இவர் விளக்கத்தைக் கேட்பதைவிட மாவு கிண்டலாம்.

டிசம்பர் 17

இன்றிலிருந்து அவருக்கு ஆபீஸ். கட்டுப் போட்ட கையோடு பின் சீட்டில் ஏறினார். கரண்டு கோட்டையும் கையுறையையும் நான் போட்டுக்கொண்டேன், மேலே அவருடைய தோல் கோட்டு. இரண்டு கோட்டும் தோளில் தொளதொளவென்று தொங்கின. பரவாயில்லை. சிவப்பை அழுத்தினேன்.

கடவுளே, என்ன சுகம்! யாரோ முதுகில் கை வைத்துத் தேய்த்துவிடுகிற மாதிரி. பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சிக்னலில் நின்றபோதுதான் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே நினைவுக்கு வந்தது. திக்கென்றது. இவ்வளவு சுலபமா மறப்பது? முன்னால் உட்கார்ந்து சூடாக இருந்தால் போதும் போலிருக்கிறது.

ஆனால் எனக்குச் சிக்னலில் நினைவு வந்தது. இவருக்கு எத்தனை சிக்னல் வந்து போயிருக்கும்!

"குளிருது" என்றார் காதருகில்.

"முதுகுல சாஞ்சுக்கோங்க. சூடு வரும்."

சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துகொண்டார்.

டிசம்பர் 29

நான்கு முன்பல். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. விளக்கில் விரல் காட்டவில்லை. சீனியர் அக்கா அடுத்த முன்பல் அச்சைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

ஜனவரி 8

இரண்டு போர்வை, மங்கி குல்லா, கழுத்துக்கு என் பழைய சால்வை. ராஜா வீட்டுப் புறப்பாடு. இறங்கும்போது உதடு நீலம். "பின்னாடி இவ்வளவு குளிருமா?" என்று கேட்டார். கேட்டது என்னையா, தன்னையா தெரியவில்லை. எனக்குத்தான் குளிரே தெரியாதே. எனக்கெப்படித் தெரியும்?

ஜனவரி 30

கட்டுப் பிரித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் சாவிக்குக் கையை நீட்டினார். "முதல்ல மெக்கானிக் கடைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் ஏறினேன்.

"பின்னாடிக்கு ஒரு லைன் போட்டுடுங்க" என்றேன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"சாருக்கு. அவருக்கு நல்லாக் குளிர் தெரியும்."

மெக்கானிக் திரும்பி அவரைப் பார்த்தார். இவர் தரையில் கிடந்த ஸ்பானர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது. விளக்கம் எதுவும் வரவில்லை. முதல்முறையாக.

பிப்ரவரி 2

என் அளவுக்கு ஒரு கோட்டு வாங்கிவிட்டேன். அவருடையதை அவரிடமே கொடுத்தேன். காலையில் அவராகவே பின்னால் ஏறி வயரைச் சொருகிக்கொண்டார். பாலத்தின் மேல், "உனக்குக் குளிருதா?" என்று கேட்டார். காற்றில் சரியாகக் கேட்காத மாதிரி இன்னொரு தடவை கேட்கவைத்தேன்.

ஆபீஸ் வாசலில் வயரைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார். சாவி என் பையில் இருக்கிறது.