கேட்காமல் கொடுத்த வாக்கு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கிழித்துப் போடுமுன் ஒருமுறை படித்துவிடு.

நீ கன்னியர் மடத்தைவிட்டு வந்த அன்று, "தீர்ப்பு நாள்ல ஆண்டவர் உன்னைக் கேப்பார்டி" என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய். அதற்குப்பின் தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு பள்ளிச் சீருடைக்குக் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டேன்.

போன ஞாயிறு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "என் மக கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டா, ஃபாதர்" என்றேன்.

"இங்க அவங்கவங்க பாவத்தைத்தாம்மா சொல்லணும்" என்றார். "சரி, அந்த வாக்கை யார் கொடுத்தது?"

மூன்று வயதில் காய்ச்சல் முற்றி உனக்கு நினைவு தப்பியதையும், பிழைத்தால் உன்னைக் கன்னியாஸ்திரி ஆக்குவதாக நான் நேர்ந்துகொண்டதையும் சொன்னேன்.

"இயேசுவைச் சுமக்க மரியாள் சரின்னு சொல்ற வரைக்கும், சேதி கொண்டுவந்த வானதூதரே நகரலை. நீங்க உங்க மகளைக் கேட்டீங்களா?"

உன்னை நான் கேட்கவே இல்லை. மடத்தில் இருந்த ஒன்பது வருஷமும் நீ என் சொல்லுக்குத்தான் கீழ்ப்படிந்தாய். அதைக் கடவுளின் அழைப்பென்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். தீர்ப்பு நாளில் முதல் கேள்வி எனக்குத்தான் இருக்கும்.

சனிக்கிழமை உனக்குத் திருமணம் என்று உன் அத்தை சொன்னாள். எனக்கு வர ஆசை. நீ வேண்டாமென்றால் வரமாட்டேன், கோபப்படவும் மாட்டேன்.

வரட்டுமா, கண்ணு?

என்றும்,
உன் அம்மா